கல்யாணம் ஆகலைன்னா டெஸ்ட் வேண்டாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. என் துணைவிக்கு 46. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். அக்கம்பக்கத்தில் எங்களை ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்றுதான் நினைக்கிறார்கள். நான் எந்த ஆணுடனும் இருந்ததில்லை. அவருக்கு 22 வயதில் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் அது முடிந்துபோனது. குழந்தை இல்லை. போன மாதம் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு நானும் வரிசையில் நின்றேன். நர்சம்மா “கல்யாணம் ஆயிருச்சா?” என்று கேட்டார். இல்லை என்றதும் “அப்ப உனக்கு இது வேணாம்மா” என்று அனுப்பிவிட்டார். என் அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, இறந்துவிட்டார். துணைவிக்கு இரண்டு மாதமாக விலக்கு இல்லாத நாட்களிலும் லேசாக உதிரம் படுகிறது. “நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்கிறார். தைக்கும்போது வெற்றிலை பாக்கு, புகையிலை போடுவார். எங்களைப் போன்றவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இப்படி வாழ்வதால்தான் வருமா டாக்டர்? நாங்கள் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்? நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தால் யார் கையெழுத்துப் போடுவது?

பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் துணைவிக்கு விலக்கு இல்லாத நாட்களில் உதிரம் படுகிறது. மற்றதையெல்லாம் அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். இதை இந்த வாரமே பார்க்க வேண்டும்.

“நிக்கிற வயசு” என்பது எங்கள் ஓ.பி.யில் தினமும் காதில் விழுகிற வார்த்தை. விலக்கு நிற்கப்போகிற காலத்தில் நாள் தள்ளிப்போகும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், படுவது குறையும். அதெல்லாம் இயல்புதான். ஆனால் இரண்டு விலக்குக்கு நடுவில் படுவதும், உறவுக்குப் பிறகு படுவதும், விலக்கு நின்று ஒரு வருடம் ஆனபிறகு மறுபடி ஒரு சொட்டு படுவதும் வயதின் கணக்கில் சேராது. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தசைக்கட்டியாக இருக்கலாம், கர்ப்பப்பை வாயில் தொங்கும் சின்னச் சதையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். பெரும்பாலும் மாத்திரையிலோ சின்ன சிகிச்சையிலோ சரியாகிவிடும். ஆனாலும் 46 வயதில், பிரசவமே ஆகாத ஒருவருக்கு, கர்ப்பப்பை வாயையும் கர்ப்பப்பையின் உள்சவ்வையும் பார்க்காமலே “அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு மருத்துவர்கூடச் சொல்லிவிட முடியாது. அவரே எப்படிச் சொல்லிக்கொள்வார்?

இதற்கு முகாம் போதாது. முகாமில் செய்வது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான சோதனை. தொந்தரவு இருக்கிறவர் நேராக மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே உள்பரிசோதனை செய்வார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கர்ப்பப்பை வாயில் புண் மாதிரி ஏதாவது தெரிந்தால் அங்கிருந்து ஒரு துணுக்கு எடுப்பார்கள். இதில் பெரும்பாலானவை அன்றைக்கே முடிந்து வீட்டுக்கு வந்துவிடுகிற வேலைகள். இரண்டு மாதமாக உதிரம் போயிருப்பதால் ரத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தக் கல்யாணம் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன என்று அவர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் உடம்புக்குள் வந்தால், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கியது செல்களை மாற்றிப் புற்றுநோயாக்க பத்து, பதினைந்து, இருபது வருடம்கூட எடுத்துக்கொள்ளும். அவர் அந்த வீட்டை விட்டு வந்திருக்கலாம். இருபத்திரண்டு வயதில் ஒட்டிய வைரஸ் அவரை விட்டுப் போயிற்றா என்பது சோதித்தால்தான் தெரியும்.

சரி, எங்கே போவது? உங்கள் ஊர் நர்சிடம் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அப்படியானால் மதுரைக்கு வந்துவிடுங்கள். பெரியாஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் இரண்டு பேரையும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. காலையில் சீக்கிரம் வந்து ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு மகளிர் பிரிவுக்குப் போங்கள். ஒருவேளை புற்றுநோய் என்றே தெரியவந்தாலும் அந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் பாலரெங்கபுரத்தில் இருக்கிறது. சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

இப்போது உங்களைத் திருப்பி அனுப்பிய அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

“கல்யாணம் ஆயிருச்சா?” நம் ஊரில் இது கல்யாணத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. உடலுறவு இருக்கிறதா என்று கேட்க எங்களுக்கு நா எழுவதில்லை. அதனால் கல்யாணத்தைக் கேட்கிறோம். அடுத்த கேள்வி “எத்தனை புள்ளைங்க?” அதற்கடுத்தது “வீட்டுக்காரர் வந்திருக்காரா?” முதல் கேள்விக்கு இல்லை என்றால் மற்ற இரண்டும் வராது. அத்தோடு பல பரிசோதனைகளும் வராது. உள்ளே கருவி வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஸ்கேன் கூட, தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றின் மேலே வைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். “கல்யாணமாகாத பொண்ணு, எதுக்கு வம்பு” என்ற எண்ணம் மரியாதை மாதிரித் தோன்றும். அந்த மரியாதையில் நோய் தப்பித்துக்கொள்கிறது.

நானும் அந்த மரியாதையைச் செய்தவள்தான். பல வருடங்களுக்கு முன்பு என்னிடம் ஒரு டீச்சர் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்கும் இப்படித்தான் நடுநடுவே உதிரம் பட்டது. ஒவ்வொரு முறையும் இன்னொரு அம்மா கூட வருவார். ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் அவரை நான் உள்ளே கூப்பிடவில்லை. டீச்சருக்கு மாத்திரை எழுதினேன், வயிற்றில் ஸ்கேன் எடுத்தேன், மறுபடியும் மாத்திரை எழுதினேன். உள்பரிசோதனை செய்யத் தோன்றவில்லை. செய்யலாமா என்று அவரிடம் கேட்கவும் இல்லை. எட்டு மாதம் கழித்து ஒருவழியாகப் பார்த்தபோது கர்ப்பப்பை வாயிலிருந்து பக்கவாட்டில் பரவியிருந்தது. கடைசிவரை இருந்து பார்த்துக்கொண்டது அந்த ஒயர்கூடை அம்மாதான். கேஸ் ஷீட்டில் நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் “தெரிந்தவர்” என்று எழுதிவைத்திருந்தோம். டீச்சர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். யார் வந்தாலும், தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதவைச் சாத்திவிட்டு ஒரே மாதிரிதான் கேட்கிறேன். “உடல்ரீதியா யாரோடயாவது உறவு இருக்கா, முன்னாடி இருந்துச்சா? ஆணோடயா, பெண்ணோடயா? எதுவா இருந்தாலும் சொல்லலாம், சோதனைக்காகத்தான் கேக்குறேன்.” முதலில் சிலர் திடுக்கிடுவார்கள். ஆனால் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.

உங்களைத் திருப்பி அனுப்பிய நர்சம்மா மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லித் தந்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். ஆனால் அவர் சொன்னது தவறு. அரசுத் திட்டத்தில் கர்ப்பப்பை வாய், மார்பகம், வாய் ஆகிய மூன்று பரிசோதனைக்கும் வயதுதான் கணக்கு. 30 வயது ஆகியிருந்தால் போதும். அடுத்த முறை யாராவது கேட்டால் “எனக்கு 37 ஆகுது சிஸ்டர், பரிசோதனை பண்ணிக்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கையை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

ஆணோடு இருந்ததே இல்லாத உங்களுக்கு அது தேவையா என்று கேட்டால், தேவை. எச்.பி.வி. பரவ ஆண் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறப்புறுப்புப் பகுதியில் தோலோடு தோல் உரசுவது, விரல், வாய், இருவரும் மாற்றிப் பயன்படுத்தும் பொருள்கள் எல்லாமே வழிகள்தான். ஆண்களோடு உறவுள்ள பெண்களைவிட உங்களுக்கு வாய்ப்புக் குறைவாக இருக்கலாம். இல்லவே இல்லை என்று ஆகாது. அதிலும் உங்கள் துணைவிக்கு முன்பு ஒரு கல்யாண வாழ்க்கை இருந்திருக்கிறது. பெண்ணோடு வாழ்கிற பெண்கள் பலருக்கு இப்படி ஒரு பழைய கதை இருக்கும், அதுவும் நம் பக்கத்தில், கேட்காமலே கட்டிக்கொடுத்துவிடுகிற வீடுகளில்.

இதைப் படித்துவிட்டு “அப்ப உன்னாலதானா” என்று வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. சோதனையில் வைரஸ் இருக்கிறது என்று வந்தால், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உறவு வாழ்க்கை உள்ள மனிதர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகிற வைரஸ் இது. யார் மீதும் பழி போட இதில் ஒன்றும் கிடையாது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வது வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்ப்பது. ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறிப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். இதைச் சின்ன வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்துக்கே இதன் பலனை எடுத்துக்காட்டிய ஆய்வு நமக்குப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது. 30 முதல் 59 வயதுவரை உள்ள கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே இந்தச் சோதனையைச் செய்தார்கள். ஆயுளில் ஒரே ஒரு முறை. வெள்ளை தெரிந்தவர்களில் தேவைப்பட்டவர்களுக்கு, மாறிப்போன செல்களை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். சோதனை செய்யாத ஊர்களோடு ஒப்பிட்டபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நம் வட்டாரத்துக் களத்துமேட்டுப் பெண்கள் கொடுத்த பதில் அது. அந்த வரிசையில்தான் நீங்களும் போய் நின்றீர்கள். நின்றது சரி.

இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. முன்கூட்டியே பார்த்தால் வராமலே தடுக்கக்கூடிய நோய்க்கு இத்தனை உயிர் போகிறது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை இன்னும் நல்லது. வைரஸ் இல்லை என்று வந்துவிட்டால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. இதில் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. குச்சி போன்ற ஒன்றை நீங்களே உள்ளே விட்டுச் சுழற்றி மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முறைதான். யாரும் உங்களைத் தொட வேண்டியதில்லை. தனியார் லேப் எதிலாவது இது உண்டா என்று விசாரியுங்கள்.

மருத்துவரே பார்ப்பதாக இருந்தால், உள்ளே எதுவும் விட்டுப் பழக்கமில்லை என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியில் விரலளவுச் சின்ன சைஸ் உண்டு. வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். உங்கள் வாழ்க்கையைச் சொல்ல மனம் வந்தால் இரண்டு வாக்கியம் போதும்: “எனக்குக் கல்யாணம் ஆகலை. ஒரு பெண்ணோட சேர்ந்து வாழ்றேன், எங்களுக்குள்ள உறவு உண்டு.” நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. சொல்ல மனமில்லையா, “உள்பரிசோதனை செய்யலாம், எனக்குச் சம்மதம்” என்று மட்டும் சொல்லுங்கள். அதுவே கதவைத் திறந்துவிடும்.

எச்.பி.வி. தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது சிறு வயதுக்கானது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் முழுப் பலன், 26 வரை போடலாம். உங்கள் கடைக்கு வருகிற அக்கா மகள், அண்ணன் மகள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் சொல்லுங்கள்.

இனி உங்களைப் பற்றி. கர்ப்பப்பை வாயைவிட எனக்கு உங்கள் மார்பகத்தைப் பற்றித்தான் கவலை. அம்மாவுக்கு 44 வயதில் வந்திருக்கிறது. பெற்ற தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தால் நமக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐம்பதுக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அம்மாவுக்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து, அந்த வயதில் நாம் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. உங்களுக்கு அது 34. மூன்று வருடம் தாண்டிவிட்டது. முகாமில் கையால் தடவிப் பார்ப்பது உங்களுக்குப் போதாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் மார்பக ஸ்கேனும் எடுத்து, வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். அம்மாவின் பழைய ரிப்போர்ட் பரணில் எங்காவது கிடந்தால் தேடி எடுங்கள். அம்மாவின் அக்கா தங்கைகள், பாட்டி, அத்தைகள் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மரபணுச் சோதனை தேவையா என்று முடிவுசெய்ய முடியும்.

நீங்கள் கேட்க நினைத்துத் தயங்கித் தயங்கி எழுதிய கேள்வி: “இப்படி வாழ்வதால்தான் வருமா?”

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். ஏறத்தாழ 300 வருடங்களுக்கு முன்பு இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மடங்களில் வாழும் கன்னியாஸ்திரீகளுக்கு மற்ற பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்றார். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பிள்ளை பெறவில்லை, பால் கொடுக்கவில்லை. அதுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது. பிரசவமும் பாலூட்டலும் மார்பகச் செல்களை ஓரளவு பாதுகாக்கின்றன. பிள்ளை பெறாதவர்களுக்குச் சினைப்பையிலும் கர்ப்பப்பை உள்சவ்விலும்கூட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். கன்னியாஸ்திரீக்கும் உங்களுக்கும் குழந்தையில்லாத கணவன் மனைவிக்கும் இதில் ஒரே கணக்குதான். யாரோடு வாழ்கிறோம் என்பதை உடம்பு எழுதிவைப்பதில்லை. அதற்காகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. வருடாவருடம் பரிசோதனைக்குப் போகக் கூடுதலாக ஒரு காரணம், அவ்வளவே.

அந்த வீடியோவில் சொன்னது முழுப்பொய்யும் கிடையாது. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற இடங்களில் பெண்ணோடு வாழும் பெண்களைத் தனியாகக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரசவம் குறைவு, புகைப்பழக்கமும் உடல் எடையும் கூடுதல், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போவது குறைவு என்று தெரிந்தது. ஒளிந்து வாழ்வதன் பாரத்தைச் சிகரெட்டிலும் சாப்பாட்டிலும் இறக்கிவைக்கிறார்கள், டாக்டர் என்ன சொல்வாரோ என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருக்கிறார்கள். நோயை வளர்ப்பது இதெல்லாம்தான். நம் ஊர்ப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் இந்தக் கேள்வியே இல்லை. அந்த டீச்சர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

புகையிலை. சிகரெட்டை விட்டுத்தள்ளுங்கள், நம் பக்கத்துப் பெண்களுக்கு வாயில் ஒதுக்கிக்கொள்ளும் வெற்றிலை புகையிலைதான் எமன். வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே நேர்வழி. புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கு போட்டாலும் தப்பில்லை என்று நினைக்கிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. உங்கள் துணைவியை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்பு போல அகலமாகத் திறக்காதது, இதில் எது இருந்தாலும் அதே பயணத்தில் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள். ஒரே நாளில் நிறுத்து என்றால் நடக்காது. மிஷினில் உட்காரும்போதுதான் கை போகிறது என்றால் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் சோம்போ கிராம்போ டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். சுயநினைவோடு இருக்கிற வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்துதான் செல்லும். கணவன் வேண்டும், அப்பா வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. டெல்லியில் கல்யாணமாகாத ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தத் தாயின் சம்மதமே செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் துணைவிக்கு ஆபரேஷன் என்றால் அவரே கையெழுத்துப் போடுவார். கூட இருப்பவராக நீங்கள் இருக்கலாம். சீட்டு போடும்போதே உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, எனக்கு ஏதாவது ஆனால் இவரிடம்தான் பேச வேண்டும் என்று நோயாளி தன் வாயால் சொல்லிவிடுவது முக்கியம். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. நினைவு தப்பிய நிலையில் என்னென்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், யார் முடிவெடுக்க வேண்டும் என்று குறிப்பிடவும் 2018 முதல் உச்ச நீதிமன்றம் வழி செய்திருக்கிறது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் செய்ய வேண்டும். ஒரு வக்கீலைப் பிடித்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருந்தாலோ ஆலோசனையாலோ தன்பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்பதற்குத் தடை போடச் சொன்னார். அப்படிச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் என்று அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. போகிற இடத்தில் யாராவது உங்கள் நோயை விட்டுவிட்டு உங்கள் வாழ்க்கைக்கு வைத்தியம் பார்க்க முயன்றால், எழுந்து அடுத்த அறைக்குப் போய் வேறு டாக்டரைக் கேளுங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. ஆனால் அது ரேஷன் கார்டை வைத்துத்தான். உங்கள் துணைவியின் பெயர் இப்போது எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள். பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கலாம், அல்லது கல்யாணத்தின்போது நீக்கியது திரும்பச் சேர்க்காமலே கிடக்கலாம். நோய் வந்தபிறகு இதற்காகத் தாலுகா ஆபீஸில் அலைவது கொடுமை. சேர்ந்து வாழும் தன்பாலினத் துணைகளை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் கார்டு கொடுக்கும்படி மத்திய அரசு 2024இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உங்கள் பெயர்களை ஒன்றாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் இருவரின் முடிவு. பரிசோதனையை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் கார்டு தேவையில்லை.

இந்தக் கடிதத்தை இன்று ராத்திரி கடை சாத்தியபிறகு அவருக்குப் படித்துக்காட்டுங்கள். முதல் பகுதியை மட்டுமாவது. “தீபாவளித் துணி முடியட்டும்”, “திருவிழா கழியட்டும்” என்பார். தையல்காரர்களுக்கு வேலை ஓய்கிற நாள் என்று ஒன்று வருவதே இல்லை, உங்களுக்குத் தெரியாததா? “இன்னும் பட்டுக்கிட்டே இருக்கு, நின்னதும் போவோம்” என்றும் சொல்வார். படும்போதே போகலாம். எங்களுக்கு அதில் அருவருப்பு ஏதும் இல்லை, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு அதுதான் வசதி. மாற்றுத்துணியும் பழைய சீட்டுகளும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம். டாக்டர் கூப்பிட்டதும் அவரோடு நீங்களும் உள்ளே போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடாதீர்கள்.